மேட்டு வீதியில் நிற்காத வண்டி

ஜூன் 3, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போர்டிகோவில் நிற்கும் வண்டியின் மேல் போர்த்தியிருந்த பழைய நூல் சேலையை எடுத்து மடித்து வைத்தேன். காபிகூட அதற்குப் பிறகுதான். மெக்கானிக் தங்கவேல் நேற்று வந்து பார்த்துவிட்டு, "தெனமும் பத்து நிமிசமாச்சும் ஓடோணுங்கக்கா. சும்மாவே நிறுத்தி வெச்சா கார்ப்பரேட்டர் அடைச்சுக்கும். அப்பறம் வாங்க வர்றவங்க மூஞ்சியச் சுளிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நடு ஸ்டாண்டில் நின்ற வண்டியைப் பக்கத்தில் நின்றபடியே உதைத்தேன். ஏழாவது உதைக்குத்தான் எழுந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சோக்க இழுத்தியா?"

"இழுத்தனுங்க."

"இழுத்திருந்தா ரெண்டாவது ஒதைக்கே புடிச்சிருக்கும்."

இவர் படுக்கையில் இருக்கிறார். மே பதினேழாம் தேதி நாய் ஒன்று குறுக்கே ஓடி, வண்டியோடு விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். ஜூலை நடுவரைக்கும் காலை ஊன்றக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, "வண்டிய வித்தரலாம் அம்சா. ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கலாம்" என்றார். தாலுகா ஆபீசில் இவரோடு சர்வேயராக இருக்கும் பிரசாத் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். ஜூலை ஏழு, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வான்.

எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்த வண்டி. இருபத்து நான்கு வருடம் ஓடிவிட்டது. விற்பதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

மாத்திரை கொடுத்த நேரத்தை எழுதி வைப்பதற்காக வாங்கிய டைரி இது. மாத்திரைக்கு இரண்டு வரி போதும். மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது.

ஜூன் 5, புதன்

நாலாவது உதை. கால்சியம் மாத்திரை தீரப்போகிறது.

ஜூன் 8, சனி

நின்ற இடத்திலேயே உறுமவிட்டால் போதாதாம், சக்கரம் உருள வேண்டுமாம். இன்று முதல் முறையாக முன்சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை வருடமும் பின்னால், சேலையோடு, இடது பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தவள். காலேஜ் படிக்கும்போது மொபெட் ஓட்டியிருக்கிறேன். அந்தத் தைரியம்தான்.

நான் நாலடி பத்தங்குலம். ஸ்டாண்டிலிருந்து இறக்கி உட்கார்ந்தால், வண்டியை ஒரு பக்கம் சாய்த்தால்தான் அந்தப் பக்கத்துக் கட்டைவிரல் தரையைத் தொடுகிறது. இன்னொரு கால் அந்தரத்தில். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எட்டாதுல்ல? வுடு. தங்கவேல ஓட்டச் சொல்லிக்கலாம்."

"உங்களுக்கு எட்டுதுல்லீங்க?"

பேப்பரைப் புரட்டினார். பிறகு அவராகவே சொன்னார்.

"ரெண்டு காலும் வெக்கோணும்னு எவன் சொன்னான்? ஒரு கால் போதும். நிறுத்தறதுக்கு முந்தியே இடுப்ப எடது பக்கமா நகத்திக்கோணும். அப்பறம், எங்க நிக்கறம்னு பாத்து நிக்கோணும். அதுதான் முக்கியம்."

இவர் இவ்வளவு நீளமாக ஒரு விஷயத்தைப் பேசி நாளாகிவிட்டது.

வண்டி வாங்கிய கதை நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை. இவர் என்னிடமே, "உங்கப்பாவ ஒன்னும் செய்ய வேண்டாம்னு சொல்லு" என்று இரண்டு முறை சொன்னார். அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியாமல் திடீரென்று கொடுக்க வேண்டும் என்று, அவரைக் கடைக்குக்கூடக் கூப்பிடாமல், அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு போய் வாங்கினார். அங்கே நின்ற வண்டிகளிலேயே உயரமானதைக் காட்டி, "மாப்பிள்ள சித்த கட்டைதான. இதுல ஏறுனாருன்னா கம்பீரமா இருப்பாரு" என்றார். நான் தலையாட்டினேன்.

தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்து வாசலில் மாலை போட்டு வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் கொடுத்தார். இவர் கழுத்தில் மாலையோடு வண்டியை ஒரு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். "பாருங்க, சந்தோசத்துல மாப்பிள்ளைக்குப் பேச்சே வரல" என்று என் மாமா சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

ஜூன் 12, புதன்

எல்.எல்.ஆர். வந்துவிட்டது. பின்னால் சிவப்பில் எல் ஒட்டினேன். லே-அவுட்டுக்குள் ஆறு சுற்று. காலி மனை ஓரம் கொட்டியிருந்த மணலில் ஒரு தடவை சாய்த்துவிட்டேன். மணல் என்பதால் தப்பித்தேன். இவரிடம் சொல்லவில்லை.

முழங்கையில் ஒட்டியிருந்த மணலை எட்டித் தட்டிவிட்டு, "மொத மாசம் எல்லாத்துக்கும் அப்படித்தான்" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

முதல் முறையாக மெயின் ரோட்டுக்கு எடுத்துப் போனேன், பெட்ரோல் போட. கிளம்பும்போது கூப்பிட்டார்.

"உடுமலை ரோட்டு பங்க்குக்குப் போ. ரெண்டாவது பம்ப்புல நில்லு."

"மொத பம்ப்பு காலியா இருந்தா?"

"காலியா இருந்தாலும் ரெண்டாவதுல நில்லு."

"ஏனுங்க?"

"அங்க ஆளு நல்ல ஆளு."

மருந்து வாங்க நம் வீட்டுப் பக்கத்துக் கடை வேண்டாமாம், போஸ்ட் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் கடைதானாம். காய்க்கு மார்க்கெட் வாசலில் நிற்காமல், தாண்டி வந்து கரும்புச்சாறு வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டுமாம். எல்லா இடத்திலும் நல்ல ஆட்கள். ஊருக்குள் இவருக்கு இத்தனை வேண்டியவர்கள் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

இரண்டாவது பம்ப்பில் நின்றது புதுப் பையன், போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தானாம். இவரைத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் பம்ப்பின் ஓரமாக அரையடி உயரத்தில் சிமெண்ட் திட்டு ஓடுகிறது. இடது காலை அதில் வைத்தேன். பாதம் முழுசாகப் பதிந்தது. மருந்துக் கடையின் முன்னால் ஒரு படிக்கல். கரும்புச்சாறு வண்டிக்கு முன்னால் புளியமரத்து வேர், படி உயரத்துக்குப் புடைத்துக்கொண்டு.

வசதியாகத்தான் இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

ஷூ ஸ்டாண்டைச் சுத்தம் செய்தேன். இவருடைய ஆபீஸ் ஷூ இரண்டு ஜோடி. இரண்டிலும் இடது ஷூ மட்டும் நுனியில் தேய்ந்து, நுனிக்கு மட்டும் தனியாகத் தோல் வைத்துத் தைத்திருக்கிறது. குதிகால் பக்கம் புதுசு போல இருக்கிறது.

திரும்ப அடுக்கி வைத்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

நான் வேலை பார்க்கும் காலேஜுக்கு லீவு. கேழ்வரகுக் களியும் கீரையும் செய்து வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு ஆழியாறு ரோட்டில் வண்டியை விட்டேன். பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போனது ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. லேசான சாரல். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. கண்ணாடியில் எனக்குப் பின்னால் யாரும் இல்லாதது முதலில் பயமாகவும், பிறகு பழகியும் போனது.

கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த ரோட்டில் வருவோம். எங்கேயாவது பூ விற்பதைப் பார்த்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று தோளைத் தட்டுவேன். "சித்த பொறு" என்பார். வண்டி பூக்காரியைத் தாண்டி, இன்னும் இரண்டு பர்லாங் தாண்டி, வாய்க்கால் பாலம் வந்தால்தான் நிற்கும். பாலத்துக் கைப்பிடித் திட்டை ஒட்டி நிறுத்தி, காலைத் திட்டில் வைத்துக்கொண்டு, "இப்ப எறங்கு" என்பார். நான் திரும்ப நடந்து போய்ப் பூ வாங்கி வருவதற்குள் அவர் இறங்கித் திட்டின் மேல் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நானும் உட்காருவேன். நுங்கோ, வேர்க்கடலையோ, எதுவாக இருந்தாலும் அங்கேதான். தண்ணீர் ஓடும் சத்தம் எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டுதான் இவர் பாலம் பாலமாகப் பார்த்து நிறுத்துகிறார் என்று என் சிநேகிதிகளுக்குக் கடிதம்கூட எழுதியிருக்கிறேன்.

இன்று அந்தப் பாலங்கள் எல்லாவற்றிலும் நான் நின்றேன். நிற்க வேறு இடம் கிடைக்கவில்லை. மற்ற இடமெல்லாம் தார் ரோட்டின் ஓரம் மண் அரித்துக் கீழே போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோவைப் பார்த்தேன். 2001, அணைக்குப் போகும் வழி. இவர் வண்டியில் உட்கார்ந்து, இடது காலை மைல்கல்லின் மேல் வைத்து, கூலிங்கிளாசோடு. கதாநாயகன் மாதிரி நிற்கிறார் என்று நான்தான் பெரிதாக்கி பிரேம் போட்டேன்.

இவருக்கும் தரை எட்டாது என்பது இத்தனை வருடமாக எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தேன். இவர் ஐந்தடி இரண்டு. கல்யாணத்தன்று இவர் தோள்தான் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அண்ணாந்துதான் முகத்தைப் பார்த்தேன். என் கண்ணுக்கு இவர் எப்போதும் உயரமானவர்.

களி ஆறிப்போயிருந்தது. "எங்க போயிட்டு வந்தே?" என்றார். ரோட்டில் கூட்டம் என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போனேன். உள்ளூர்தான், மேட்டு வீதி. கண் ஆபரேஷன் செய்ததிலிருந்து சொட்டு மருந்து போட ஆள் வேண்டும் என்கிறாள். விழுந்த அன்றைக்கு இவர் அந்த வீதி வழியாகப் போனதே அம்மாவுக்கு அந்த மருந்தைக் கொடுக்கத்தான். நான்தான் கொடுத்தனுப்பினேன்.

எப்போதும் வீதி முனையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருவார். அல்லது அங்கேயே என்னை இறக்கிவிட்டு, வீட்டைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார். இருபத்து நான்கு வருடத்தில் ஒருநாள்கூட இந்த வண்டி என் பிறந்த வீட்டு வாசலில் நின்றதில்லை.

இன்றும் அதே பேச்சு.

"வண்டிய விக்கறீங்களாமா?"

"ஆமாம்மா."

"வித்துத் தொலைங்க. என்ற வாசலுக்கு வராத வண்டி எங்க போனா எனக்கென்ன?"

"அம்மா, வுடு."

"நீ வுட்டுருவ சாமி. உங்கப்பன் வுட்டாரா? சாயங்காலம் ஆனா அந்தச் சேரத் தூக்கி கேட்டுக்கிட்டப் போட்டு உக்காந்துக்குவாரு. 'மாப்பிள்ள இன்னிக்கு நிறுத்துவாரு பாரு'ம்பாரு. எதிர் ஊட்டுக்காரங்ககிட்டெல்லாம் பெருமையாச் சொல்லி வெச்சிருந்தாரு, நம்ம குடுத்த வண்டி, நம்ம குடுத்த வண்டின்னு. அவுரு பீங்குனு ஒரு அடி அடிச்சிட்டுப் போயிருவாரு. சாகற வரைக்கும் பாக்கல. எங்க வாசல்ல நின்னா அவுரு கௌரதி கொறஞ்சு போயிருமா?"

அப்பாவின் பச்சை பிளாஸ்டிக் சேர் இன்னும் கேட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு கால் உடைந்து, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது.

2009, அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் இவரோடு சண்டை போட்டேன். எங்கள் வாழ்க்கையில் பெரிய சண்டை அது ஒன்றுதான். "ஒருநாள், ஒரே ஒரு நாள் நிறுத்தியிருந்தா உங்களுக்கு என்னங்க கொறஞ்சிருக்கும்?" என்று கேட்டேன். இவர் எழுந்து போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் திமிர்தான் என்னை இத்தனை வருடம் உறுத்தியது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு ரோட்டுக்குப் போவதும் நின்றுபோனது. யார் நிறுத்தினோம் என்று நினைவில்லை. நான்தானோ என்னவோ.

அம்மா மருந்து போட்டுக்கொண்டு கண்ணை மூடியபடி சொன்னாள்: "அன்னிக்கும் அப்படித்தான் வேகமாப் போயிருப்பாரு. வாசல்ல நின்னிருந்தா வுழுந்திருப்பாரா?"

ஜூன் 26, புதன்

இதை வரிசையாக எழுத வேண்டும்.

காலேஜ் விட்டு வந்து, அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய இட்லிப் பொடியை எடுத்துக்கொண்டு வண்டியிலேயே கிளம்பினேன். வீதி முனையில் தொட்டியை ஒட்டி நிறுத்தலாம் என்று இடுப்பை நகர்த்தித் தயாராகப் போனால், தொட்டியே இல்லை. சாக்கடை வேலைக்காக இடித்து, இடத்தை மூடி நிரவியிருக்கிறார்கள். பஸ்ஸில் வந்தபோது மறுமுனையில் இறங்கி நடந்ததால் நான் பார்க்கவில்லை. நிற்க முடியாமல் வண்டி வீதிக்குள் போய்விட்டது.

அந்த வீதியில் பிறந்து இருபத்திரண்டு வயது வரை நடந்தவள் நான். அது எப்படிச் சரிந்திருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. வலது பக்கத்து வீடுகளிலிருந்து இடது பக்கத்துச் சாக்கடைவரை ஒரே சரிவு. மேலே மேலே சிமெண்ட் போட்டு இன்னும் மோசமாகிவிட்டது. அம்மா வீடு இடது பக்கம், சாக்கடையை ஒட்டி. வாசலுக்கு நேராக வந்து வேகத்தைக் குறைத்து இடது காலைத் தேடினேன். கீழே ஒன்றுமில்லை. கால் போய்க்கொண்டே இருந்தது. வண்டி சாயத் தொடங்கியது. எப்படியோ ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டேன்.

அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் வருவதைப் பார்த்துச் சிரித்தவள், நான் நிற்காமல் தாண்டிப் போவதையும் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் ஒரு ஹாரன் அடித்தேன்.

"அடியே! நீயுமா நிக்காம போற?" என்று அம்மா கத்தியது முதுகில் கேட்டது.

மறுமுனையில் ரேஷன் கடைப் படியை ஒட்டி நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்டாண்ட் போட்டுவிட்டு நடந்து வந்தேன். எதிர்வீட்டுச் சரசக்கா என்னைப் பார்த்ததும் படி இறங்கி வந்தார். சின்ன வயதிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவர்.

"பாத்துக் கண்ணு. அன்னிக்கு மாப்பிள்ளயும் இதே எடத்துலதான் வுழுந்தாரு. நாந்தான் ஆட்டோ புடிச்சு ஏத்தி வுட்டேன்."

"நாய் குறுக்க வந்துருச்சுங்களாமாக்கா."

"நாயா? நாயுமில்ல நரியுமில்ல. மழ தூறிட்டிருந்துச்சு. தொட்டி இருந்த எடத்துல நிறுத்தப் பாத்தாரு, முடியல. அப்பறம் மொள்ள உருட்டிட்டே வந்து உங்கம்மா வாசல்ல நிறுத்துனாரு. நாங்கூட நெனச்சேன், என்னடா அதிசயமா நிறுத்தறாருன்னு. நின்ன வாக்குல சாஞ்சுட்டாரு. கால் மேலயே வண்டி. ஒரு சத்தம் போடல. கையில மருந்துப் பை, அதை மட்டும் மேல தூக்கிப் புடிச்சுட்டுக் கெடந்தாரு."

"அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"அவங்க கண்ணுக் கட்டோட உள்ள தூங்கிட்டிருந்தாங்க. அத்தைகிட்டச் சொல்ல வேண்டாங்கக்கான்னு கையப் புடிச்சுட்டுச் சொன்னாரு. எனக்கெதுக்கு? நான் சொல்லல. உன்கிட்டவும் சொல்லிருக்கக் கூடாதோ என்னமோ."

அம்மாவிடம் பொடியைக் கொடுத்தேன். திட்டு வாங்கினேன். புது ஆள், பிரேக் பிடிக்கத் தெரியவில்லை என்றேன்.

ஜூன் 27, வியாழன்

காலையில் இவருக்குக் காலைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ஏனுங்க, அந்த நாய் என்ன நெறம்?"

"எந்த நாய்?"

"உங்களத் தள்ளி வுட்ட நாய்."

"அதா. கறுப்பு."

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் செவலை என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"கறுப்பு நாய் பொல்லாததுங்க" என்றேன்.

"ஆமா" என்றார்.

ஜூன் 30, ஞாயிறு

பிரசாத் வண்டி பார்க்க வந்தான். ஆறடி இருப்பான், வாசற்படியில் குனிந்துதான் உள்ளே வந்தான். இவரை ஹால் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். பிரசாத் வண்டியில் காலைப் போட்டான், இரண்டு பாதமும் தரையில் அப்பிக்கொண்டன. முழங்கால்கூடக் கொஞ்சம் மடங்கியிருந்தது. உட்கார்ந்தபடியே காலால் தள்ளிப் பின்னால் எடுத்தான்.

"சூப்பருங்க சார். எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்குது. எல்லாரும் இது ஒசரம் ஒசரம்பாங்க. ஆமா, உங்களுக்கு எப்படிங்க சார் இதுல..."

"பிரசாத், காப்பி ஆறுது, உள்ள வாப்பா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

இவர் சிரித்துக்கொண்டே, "வண்டின்னா ஒசரமாத்தான் இருக்கோணும் பிரசாத்" என்றார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

அவன் போன பிறகு வெகுநேரம் ஜன்னல் பக்கமே இருந்தார். பிறகு, "இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணுனியா?" என்றார். காலையிலேயே ஓட்டியாகிவிட்டது. "இல்லீங்க, மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உதைத்தேன். முதல் உதையில் எழுந்தது. ஜன்னலுக்குள் பார்த்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டர் இவருக்கு வசதியாகத்தான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோற்றுப்போய் இறங்குவது வேறு.

ஜூலை 2, செவ்வாய்

காலேஜில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பின்னால் சீட் கவர் தைக்கும் அன்வர் பாய் கடைக்கு வண்டியை எடுத்துப் போனேன். கடை வாசலில் படி இருக்கிறது.

"சீட்ட எறக்க முடியுங்களா பாய்?"

"பஞ்ச அறுத்து எறக்கலாம்மா. யாருக்கு?"

"எனக்குத்தான்."

உட்காரச் சொன்னார். பாதத்துக்குக் கீழே பிளைவுட் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு துண்டும் கால் அங்குலம். வண்டி நேராக நிற்க, என் குதிகால் முழுசாக உட்காரும்போது பதினாறு துண்டு ஆகியிருந்தது.

"நாலு அங்குலம். அவ்வளவு முடியாதும்மா. ரெண்டு வரைக்கும் எடுக்கலாம். அதுக்கு மேல அறுத்தா தகரத்து மேல உக்காந்த மாதிரி இருக்கும்." அதற்குப் பிறகுதான் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "இது சர்வேயர் சார் வண்டியாச்சே? என் மனைய அளந்து குடுத்தவரு. நாச்சிமுத்து சார்."

"அவுரு வீட்டுக்காரிதானுங்க நான்."

"அடடா. சார் ஒருவாட்டி வந்தாரும்மா. ரொம்ப வருசம் ஆச்சு. கவர் கிழிஞ்சுதுன்னு புதுசு போட வந்தாரு. அவர் உக்காந்ததப் பாத்துட்டு நாந்தான் சொன்னேன், சார், கவரோட சேத்துப் பஞ்சையும் கொஞ்சம் அறுத்துரலாம், கால் நல்லா ஊனும்னு. கத்தியக்கூடக் கையில எடுத்துட்டேன்."

"வேண்டாம்னுட்டாருங்களா?"

"ரொம்ப நேரம் யோசிச்சாரும்மா. அப்பறம், 'மாமனார் ஆசையா வாங்கிக் குடுத்தது பாய். இதுல கத்தி வெச்சா, அவருக்கு வாங்கத் தெரியலைனு நான் சொன்ன மாதிரி ஆயிரும். ஊட்டுக்கு வர்றவங்க கண்ணுல படும். வேண்டாம்'னாரு. கவர் மட்டும் போட்டுட்டுப் போனாரு."

திரும்பி வரும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் இவருடைய இடங்களில்தான் நின்றேன். சிக்னலில் இடது ஓரம், பாலத்துக்கு முன் ஓரக் கல். எல்லாம் அப்படி அப்படியே இருக்கின்றன. அப்பா பச்சைச் சேரில் உட்கார்ந்து வண்டி நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மனம் நோகக் கூடாது என்றுதான் அது நிற்க முடியாத உயரத்திலேயே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. நடுவில் இருந்த நானும் கேட்கவில்லை. சண்டை மட்டும் போட்டேன்.

ஜூலை 4, வியாழன்

இவருடைய பேண்ட்டுகளுக்கு இஸ்திரி போட்டேன். போடும்போது உள்தையலை அளந்தேன். சர்வே பெட்டியில் இருந்த அவருடைய டேப்பால்தான். ஊர் நிலத்தையெல்லாம் அளந்த டேப். பேண்ட்டின் கீழ்மடிப்பு குதிகாலைத் தொடும் அளவு: இருபத்தெட்டேகால்.

என்னுடைய அதே அளவு இருபத்தாறு. எனக்கும் தரைக்கும் நடுவில் நாலு அங்குலம் என்றால், அவருக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றேமுக்கால்.

ஒன்றேமுக்கால் அங்குலம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"என்ன அளக்கற?" என்று உள்ளேயிருந்து கேட்டார். ஜன்னல் திரைக்கு என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

டாக்டரிடம் போய் வந்தோம். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறதாம். பதினைந்தாம் தேதியிலிருந்து மெதுவாக ஊன்றலாம். இரண்டு மாதத்தில் வண்டியே ஓட்டலாம் என்றார். "வண்டியத்தான் குடுத்தறமுங்களே" என்றார் இவர். ஆட்டோவில் திரும்பும்போது, "ஞாயித்துக்கெழம ராவுகாலத்துக்கு முந்தி வந்து எடுத்துக்கச் சொல்லு பிரசாத்த" என்றார். சரி என்றேன்.

ஹாஸ்டலிலிருந்து தாரணி போன் செய்தாள். "வண்டிய நெஜமாவே விக்கறீங்களாம்மா? அப்பா ஒன்னும் சொல்லலையா?" என்று கேட்டாள். நாளைய திட்டத்தை மகளிடம்கூட நான் சொல்லவில்லை.

நாளைக் காலை ஏழு மணிக்கு, இவருக்கு இட்லி கொடுத்துவிட்டு, வழக்கமான பத்து நிமிட ரவுண்டு என்று சொல்லிக் கிளம்பப் போகிறேன். அன்வர் பாய் ஏழரைக்குக் கடை திறந்துவிடுவார். மத்தியானம் பிரசாத்துக்குப் போன் செய்து, வண்டி எனக்கு வேண்டும், மன்னித்துக்கொள் என்று சொல்லிவிடுவேன். வீட்டில் வந்து, எனக்குக் கால் எட்டவில்லை, அதனால் சீட்டை அறுத்துவிட்டேன் என்பேன். இவர் கத்துவார். "உங்கப்பா வாங்கிக் குடுத்ததுல கத்தி வெச்சிட்டியா?" என்பார். என் அப்பா வாங்கிக் கொடுத்தது, அவருக்குப் பார்த்து வாங்கத் தெரியவில்லை, அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்பேன். அன்றைக்குக் கடையில் தலையாட்டியவளும் நான்தானே.

அம்மாவிடம் எதையும் சொல்லப் போவதில்லை. ஆவணியில் ஒருநாள், அவளுக்கு மருந்து தீர்ந்துவிட்டது என்று இவரிடம் பையைக் கொடுத்து அனுப்புவேன். தொட்டி இடித்தாகிவிட்டது, வாசலுக்குத்தான் போயாக வேண்டும். பச்சைச் சேரின் காலை அதற்குள் சரி செய்து வைக்க வேண்டும்.

பாய் எந்த அளவு என்று கேட்பார். இரண்டு அங்குலம் எடுத்தால் என் நுனிவிரல் இன்னும் கொஞ்சம் நன்றாக ஊன்றும். நான் தடித்த செருப்பு ஒன்று வாங்கிக்கொள்வேன். என் அளவு என்று சொல்லி ஒன்றேமுக்கால்தான் கொடுக்கப் போகிறேன்.